ஊர் மகமையும் உடல்நலமும்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குச் செல்லும் ரயிலில் நீங்கள் பயணம் செய்திருக்கக்கூடும். நாசரேத், குரும்பூர் வரையில் ஜன்னலுக்கு வெளியே வாழையும் வயலுமாகப் பச்சை தெரியும். ஆறுமுகநேரி வந்ததும் காட்சி மாறிவிடும். கட்டம் கட்டமாக உப்புப் பாத்திகள், தட்டுமேடுகளில் குவித்த அம்பாரங்கள், கண்ணைக் கூசச் செய்யும் வெள்ளை. அடுத்த நிலையம் காயல்பட்டினம், அதற்கடுத்தது கோயில் என்று எல்லோரும் மூட்டையைக் கட்டத் தொடங்கிவிடுவதால் இந்த வெள்ளையை யாரும் அதிகநேரம் பார்ப்பதில்லை.

நாம் சற்று நின்று பார்ப்போம். பாத்திக்குள் வாருபலகையுடன் நிற்கும் ஒருவருக்கு வெயில் இரண்டு பக்கமிருந்து வருகிறது. மேலே சூரியன், கீழே உப்பும் உவர்நீரும் திருப்பி அனுப்பும் ஒளி. உடல் தன் வெப்பத்தை 37 டிகிரி செல்சியஸ் அளவிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு உடலிடம் உள்ள பெரிய ஆயுதம் வியர்வை. வியர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஆனால் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். ஈரக் காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. வழிந்து சொட்டி வீணாகிறது. ஆகவே உடல் மேலும் வியர்க்கிறது. குடித்த தண்ணீர் போதவில்லையென்றால் இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது; சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தமும் குறைகிறது. ஒருநாள் இப்படி நடந்தால் சிறுநீரகம் பொறுத்துக்கொள்ளும். பல ஆண்டுகள் தினமும் நடந்தால்?

சென்னை ஆய்வாளர்கள் 2017-க்கும் 2020-க்கும் இடையில் தமிழ்நாட்டின் உப்பளங்களில் 300-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். ஏறத்தாழ 10 பேரில் 9 பேர் பாதுகாப்பான அளவை மீறிய வெப்பத்தில் வேலை செய்வதாகக் கண்டார்கள். சிலருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் ஏற்கெனவே குறைந்திருந்தது. பெண்கள் பலர் அளத்தில் ஒதுங்க மறைவிடம் இல்லை என்பதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். இது மருத்துவப் புத்தகத்தில் இருக்கும் காரணம் அல்ல. ஆனாலும் சிறுநீரகத்துக்கு அது தெரியாது.

இப்போது 45 வயதுள்ள ஒரு தொழிலாளியை எண்ணிக்கொள்வோம். அவருக்கு இரத்தக் கொதிப்பு இருக்கிறது. அவருக்கே தெரியாது, ஏனெனில் இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் எந்த வலியும் தருவதில்லை. யாரோ ஒருவர் கையில் பட்டையைக் கட்டி அளந்து பார்த்தால்தான் தெரியும். தெரிந்துவிட்டால் வேண்டியது தினமும் ஒரு சிறிய மாத்திரை. அரசு மொத்தமாக வாங்கும்போது அந்த மாத்திரையின் விலை காசுக் கணக்கில்தான் வரும். தெரியாமலே போனால், அல்லது தெரிந்தும் மாத்திரை நின்றுபோனால், சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் ஒவ்வொன்றாகப் பழுதாகின்றன. கடைசியில் வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டியிருக்கும். அது ஆயுள் முழுவதும். அப்படிச் சுத்திகரிப்புக்குப் போகும் நாளெல்லாம் கூலியும் இல்லை.

காசு பெறும் மாத்திரை இல்லாததால் இலட்சம் பெறும் நோய் வருகிறது. முதலில் வீட்டில் உள்ள நகை அடகுக்குப் போகிறது, பிறகு வட்டிக்கடன், அப்புறம் பிள்ளையின் படிப்பு நிற்கிறது. இது ஒரு குடும்பத்தின் கதை என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் மருத்துவத்துக்காகச் செலவாகும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 2013–14-இல் 64 ரூபாயை மக்கள் நேரடியாகத் தங்கள் கையிலிருந்தே கொடுத்தார்கள். 2021–22 கணக்கின்படி இது 39 ரூபாயாகக் குறைந்திருக்கிறது. குறைந்தது நல்ல செய்தி. ஆனால் 39 என்பதும் சிறிய தொகை அல்ல. அதுவும் நோய் வந்த பிறகு, நோய் வந்தவரிடமே கேட்கப்படும் தொகை.

ஒரு கணக்குப் போடுவோம்

மருத்துவச் செலவுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. அரிசிச் செலவு எல்லார் வீட்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும். பெரிய வியாதியின் செலவு அப்படி வராது. நூறு வீட்டில் 99 வீட்டை விட்டுவிட்டு ஒரு வீட்டின்மேல் மட்டும் மொத்தமாக விழும். எந்த வீடு என்பது முன்கூட்டித் தெரியாது.

30,000 பேர் வாழும் ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். சமவெளியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் இத்தனை பேருக்கு ஒன்று என்பதுதான் இந்தியாவில் வகுத்திருக்கும் அளவு. ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கு ஓர் இலட்சம் ரூபாய் செலவாகும் நோய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். (இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்.) அப்படியானால் 300 நோயாளிகள், 3 கோடி ரூபாய் செலவு. இதை 30,000 பேரும் பகிர்ந்துகொண்டால் தலைக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய். ஒரு நாளைக்கு 3 ரூபாய்கூட ஆகவில்லை! ஒருவரை அடியோடு சாய்க்கும் சுமை, ஊரார் தோளில் ஏறியதும் டீக் காசுக்கும் கீழே இறங்கிவிட்டது.

சரி, அதற்கு 30,000 பேர் எதற்கு, எங்கள் தெருவில் 100 பேர் சேர்ந்து ஒரு நிதி வைத்துக்கொள்கிறோமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 100 பேரில் சராசரியாக ஆண்டுக்கு ஒருவருக்கு நோய் வரும். ஆனால் சராசரி வேறு, நடப்பது வேறு. சில ஆண்டுகளில் யாருக்கும் வராது. சில ஆண்டுகளில் மூவருக்கு வரும். நிகழ்தகவுக் கணக்குப்படி பார்த்தால், மூன்று பேருக்கோ அதற்கு மேலோ வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 8. அதாவது சுமார் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை உங்கள் தெரு நிதி மூன்று மடங்கு செலவைச் சந்தித்துத் திவாலாகும். 30,000 பேரில் சராசரி 300. அங்கே 350-ஐத் தாண்டுவது சில நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நடக்கும். கூட்டம் பெரிதாகப் பெரிதாக, தனித்தனியாகக் கணிக்க முடியாத நோய், மொத்தத்தில் கணிக்கக்கூடியதாகிவிடுகிறது. நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஏழு தலை விழலாம். பத்தாயிரம் முறை சுண்டினால் ஏழாயிரம் தலை விழாது. அதே தத்துவம்தான்.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒருவருக்கு நோய் வருவதற்கும் அடுத்தவருக்கு வருவதற்கும் தொடர்பில்லை என்று நாம் எண்ணிக்கொண்டோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் என்ன நடந்தது? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. பல ஊர்களில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை அது. ரயில் பாதை அரித்துப்போய், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட வண்டி பல நூறு பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தூத்துக்குடி மாவட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் அடிபட்டது. இப்படிப்பட்ட வேளையில் ஊர் நிதி எவ்வளவு பெரிதானாலும் உதவாது. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே வெள்ளத்தில்தானே நிற்கிறார்கள்? மதுரையும் கோவையும் சென்னையும் சேர்ந்த நிதிதான் உதவும். எனவே கூட்டம் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. பல திசையிலும் பரவியிருக்க வேண்டும். ஒரு மாநிலம், ஒரு நாடு என்ற அளவுக்கு அது விரிய வேண்டியதற்கு அறிவியல் காரணம் இதுதான்.

மகமை சொல்லும் பாடம்

தென் மாவட்டத்து வாசகர்களுக்கு மகமை என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விருதுநகர், சிவகாசி போன்ற ஊர்களின் வணிகர் உறவின்முறைகளில், விற்கும் வாங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொது நிதிக்கு எடுத்துவைக்கும் வழக்கம் இருந்தது. அந்தச் சில்லறையில் பேட்டைகளும் கிணறுகளும் பள்ளிக்கூடங்களும் எழுந்தன.

மகமையின் சிறப்பு இரண்டு. பெரிய வியாபாரி அதிக மூட்டை விற்பார், அதிகம் கொடுப்பார். சிறிய வியாபாரி கொஞ்சம் கொடுப்பார். ஆனால் பள்ளிக்கூடத்தில் இருவர் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில். இது ஒன்று. இரண்டாவது, விருப்பமிருந்தால் கொடு, இல்லாவிட்டால் விடு என்று அது நடக்கவில்லை. உறவின்முறைக்குள் இருப்பவர் கொடுத்தே ஆகவேண்டும்.

இந்த இரண்டாவது விதி இல்லாமல் மருத்துவ நிதி நிலைக்காது. ஏன்? விருப்பப்பட்டவர் மட்டும் சேரலாம் என்று வைத்தால், திடகாத்திரமான இளைஞர் "எனக்கெதற்கு?" என்று ஒதுங்குவார். நோயுள்ளவர்கள் ஓடிவந்து சேர்வார்கள். தலைக்கு 1,000 ரூபாய் என்று போட்ட கணக்கு 2,000 ஆகும். அதைக் கண்டு சுமாரான உடல்நலம் உள்ளவர்களும் விலகுவார்கள். தொகை மேலும் ஏறும். கடைசியில் நோயாளிகள் மட்டும் எஞ்சுவார்கள். அப்போது அது பகிர்வு நிதியே அல்ல. தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் வைப்பதும், வயதானவரிடம் கூடுதல் பிரீமியம் கேட்பதும் இந்த அச்சத்தினால்தான். வரியிலிருந்து செலவு செய்யும்போது இந்தச் சிக்கலே எழுவதில்லை. தீப்பெட்டி வாங்கும் தொழிலாளியும் வரி கட்டுகிறார். கார் வாங்கும் முதலாளியும் வரி கட்டுகிறார். யாரும் விலகி ஓட முடியாது.

வேல்ஸ் நாட்டில் டிரெடிகர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கமும் இரும்பு ஆலையும் இருந்த ஊர். அங்குள்ள தொழிலாளர்கள் 1890-ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ உதவிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். சம்பளத்தில் ஒவ்வொரு பவுனுக்கும் 3 பென்னி பிடித்துக்கொள்ளப்படும். பதிலுக்கு டாக்டர், தாதி, பல் வைத்தியம், கண்ணாடி, மருத்துவமனை எல்லாம் அவருக்கும் குடும்பத்துக்கும் கிடைக்கும். நம் ஊர் மகமையேதான்! காலப்போக்கில் ஊரில் பெரும்பாலானோர் அதில் சேர்ந்துவிட்டார்கள். அந்த ஊர்ச் சுரங்கத்தில் சிறுவயதிலேயே வேலைக்கு இறங்கிய அனூரின் பெவன் என்பவர் பின்னாளில் பிரிட்டனின் சுகாதார அமைச்சரானார். 1948 ஜூலை 5-ஆம் தேதி நாடு முழுவதற்கும் இலவச மருத்துவ சேவை தொடங்கியபோது, டிரெடிகரில் நடந்ததைத்தான் தாம் நாட்டுக்கு விரித்ததாக அவர் கருதினார். ஊரில் நடந்த சோதனை ஒன்று நாட்டின் சட்டமானதற்கு இது நல்ல சான்று.

தூத்துக்குடிக் கரைக்கு எதிரே

அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. நம் கரைக்கு எதிரிலேயே இலங்கை இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் ஏறிப் போன முன்னோர் பலர் நம் வீடுகளில் உண்டு.

1934-இல் இலங்கையின் தென்மேற்குப் பகுதியில் பருவமழை பொய்த்தது. அங்கே எப்போதும் பெருகி ஓடும் ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கின. ஓடும் நீரில் கொசுமுட்டை நிலைக்காது. வெயில் படும் தேங்கிய குட்டை, மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுவின் ஒருவகைக்குத் தொட்டில் போன்றது. வறண்ட வடபகுதி மக்களுக்கு மலேரியா பழகிய நோய். உடலில் ஓரளவு எதிர்ப்பு இருந்தது. ஈரமண்டலத்து மக்களுக்கு அது இல்லை. அக்டோபரில் தொடங்கிய காய்ச்சல் ஆறு, ஏழு மாதங்களில் சுமார் 80,000 பேரைக் கொன்றது. அப்போது இலங்கையின் மொத்த மக்கள்தொகை 55 இலட்சம் அளவுதான். 1935-ஆம் ஆண்டில் பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு 263 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன.

கேகாலை மாவட்டம் மிகவும் அடிபட்ட இடங்களுள் ஒன்று. சூரியமல் இயக்கம் என்ற பெயரில் திரண்டிருந்த இளைஞர்கள் அங்கே கிராமம் கிராமமாக இறங்கினார்கள். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன போன்றோர் அவர்களில் குறிப்பிடத்தக்கவர்கள். கொயினா கொடுத்துக்கொண்டே வந்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். காய்ச்சல் மட்டும் மக்களைக் கொல்லவில்லை. பஞ்சத்தில் மெலிந்த உடல் காய்ச்சலைத் தாங்கவில்லை. ஆகவே மருந்துடன் பருப்பும் கொடுத்தார்கள். பெரேராவுக்குப் "பருப்பு மாத்தயா" என்றே பெயர் வந்துவிட்டது. நம் வழக்கில் சொன்னால் பருப்பு ஐயா!

இது வெறும் தொண்டாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. காரணம், 1931-இலேயே இலங்கையில் ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்திருந்தது. 1936 தேர்தலில் பெரேரா ருவன்வெல்லையிலும் குணவர்த்தன அவிசாவளையிலும் வென்றார்கள். இரண்டும் மலேரியா வாட்டிய பகுதிகளைச் சேர்ந்தவை. ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்கும் வாக்காளருக்குப் பதில் சொல்லாமல் எந்தக் கட்சிக்காரரும் இனி ஊருக்குள் நுழைய முடியாது என்றாயிற்று. அடுத்து வந்த ஆண்டுகளில் கிராமப்புறங்களில் சிறு மருத்துவமனைகளும் மருந்தகங்களும் பரவின. 1951-இல் அரசு மருத்துவமனைகளில் கட்டணம் ஒழிக்கப்பட்டது. இன்று அந்நாட்டில் சிசு மரணம் ஆயிரத்துக்கு 10-க்கும் கீழ். 2016-இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது.

இதில் நமக்கு உறுத்தும் பகுதி ஒன்றுண்டு. அந்த வெற்றியின் பங்கு மலையகத் தேயிலைத் தோட்டத் தமிழர்களுக்கு மிகத் தாமதமாகவே போய்ச் சேர்ந்தது. அவர்களுடைய மருத்துவம் தோட்டக் கம்பெனிகளின் பொறுப்பில் விடப்பட்டிருந்தது. 1948 குடியுரிமைச் சட்டத்தால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராகி வாக்குரிமையையும் இழந்தார்கள். வாக்கில்லாதவரிடம் வந்து என்ன வேண்டும் என்று யார் கேட்பார்? "எல்லோருக்கும்" என்ற சொல்லில் யாரெல்லாம் அடங்குகிறார்கள் என்பதை எந்த நாட்டிலும் உற்றுப் பார்க்கத்தான் வேண்டும். இங்கே நம் ஊர்களில் கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் வடமாநிலத்தவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தாய்லாந்து இன்னொரு வழியில் சென்றது. அங்கே 1997-இல் வந்த அரசியலமைப்பு, 50,000 வாக்காளர்கள் கையொப்பமிட்டால் மக்களே ஒரு சட்ட முன்வரைவைக் கொண்டுவரலாம் என்றது. கிராமப்புற டாக்டர்களும், பெண்கள், தொழிலாளர், எய்ட்ஸ் நோயாளிகள் ஆகியோரின் அமைப்புகளும் சேர்ந்து கையொப்பம் திரட்டி, அனைவருக்கும் மருத்துவம் என்ற முன்வரைவைத் தந்தார்கள். இதற்கு அடித்தளம் இட்டவர் டாக்டர் சங்குவான் என்பவர். கிராம மருத்துவமனையில் வேலை பார்த்தவர். 2002-இல் சட்டம் நிறைவேறியது. ஒருமுறை மருத்துவமனைக்குப் போனால் 30 பாட், அவ்வளவே. வசதியுள்ள நாடான பிறகுதான் இதைச் செய்ய முடியும் என்று சொன்னவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அந்த 30 பாட்டும் வாங்கலாமா என்பது இன்றும் பேசப்படும் விஷயம். சிறு கட்டணம் வைத்தால் மக்கள் மருந்தை மதிப்பார்கள் என்று சிலர் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. கென்யாவில் பள்ளிக் குழந்தைகளுக்குக் குடற்புழு மாத்திரை கொடுத்து இதைச் சோதித்தார்கள். இலவசமாகக் கொடுத்த பள்ளிகளில் நான்கில் மூன்று பங்குக் குழந்தைகள் மாத்திரை சாப்பிட்டார்கள். பெற்றோரிடம் ஒரு சிறு தொகை கேட்ட பள்ளிகளில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. குடற்புழு மாத்திரை சாப்பிடாத குழந்தை அடுத்த குழந்தைக்கும் புழுவைப் பரப்பும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

நம் வீட்டுக் கணக்கு

நம் நாட்டில் இந்த எண்ணம் புதிதல்ல. சர் ஜோசப் போர் தலைமையில் 1943-இல் அமைந்த குழு, பணம் கொடுக்க முடியாததால் எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்ற கொள்கையை 1946-இல் வகுத்துத் தந்தது. நம்மூர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் அக்குழுவின் உறுப்பினர்களில் ஒருவர். ஆரம்ப சுகாதார நிலையம் என்ற அமைப்பு அந்த அறிக்கையிலிருந்து வந்ததுதான். சென்னை மாகாணம் அதற்கும் முன்பே, 1939-இல், இந்தியாவின் முதல் பொதுச் சுகாதாரச் சட்டத்தை இயற்றியிருந்தது.

கொள்கைக்குக் குறைவில்லை. பணத்துக்குத்தான் குறைவு. 2017-இல் வந்த தேசிய சுகாதாரக் கொள்கை, அரசாங்கங்கள் மருத்துவத்துக்குச் செய்யும் செலவு 2025-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக வேண்டும் என்றது. 2021–22-இல் அது 1.84 சதவீதம், அதுவும் கொரோனாவுக்காகக் கூடுதலாகச் செலவழித்த காலம்.

பணத்தை எப்படிச் செலவிடுவது என்பதில் தமிழ்நாட்டிடம் பிற மாநிலங்கள் கற்றுக்கொண்ட ஒன்று உண்டு. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்தது. அதற்குமுன் வாங்கும் முறை சிதறிக் கிடந்தது. கழகம் வந்தபின், எந்தெந்த மருந்து அவசியம் என்று ஒரு பட்டியல். வணிகப் பெயரில் அல்லாமல் மருந்தின் வேதிப்பெயரில் வெளிப்படையான டெண்டர். மாநிலத்துக்கே ஒரே கொள்முதல். வந்த சரக்கில் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடப் பரிசோதனை. பிறகு மாவட்டக் கிடங்கு. கோடிக்கணக்கில் வாங்குபவரிடம் விற்பவர் விலையைக் குறைத்துத்தான் ஆகவேண்டும். சந்தையில் கூடையோடு வாங்குகிறவருக்குக் கிடைக்கும் விலை, ஒரு தக்காளி வாங்குகிறவருக்குக் கிடைக்காதல்லவா?

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பாஸ்புத்தகம். ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வங்கிக் கணக்கைப்போல ஒரு கணக்கு உண்டு. இந்த ஆண்டு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று வரவு வைக்கப்படும். எடுக்க எடுக்கக் கழியும். எந்த மருந்து வேண்டும் என்பதை அங்குள்ள டாக்டரே முடிவு செய்யலாம். உப்பளப் பகுதிக்குத் தேவையானது வேறு, மலைப்பகுதிக்குத் தேவையானது வேறு என்பதைச் சென்னையிலிருந்து ஊகிக்க வேண்டியதில்லை.

காப்பீட்டுத் திட்டம்தான் இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 2009-இல் அரசுக் காப்பீடு தொடங்கியது. 2018-இல் மத்திய அரசின் திட்டமும் வந்தது. அறுவைச் சிகிச்சைக்கும் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கும் அவை பெரிய உதவி, மறுக்க முடியாது. ஆனால் நம் உப்பளத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். அவருக்கு வேண்டியது தினமும் ஒரு மாத்திரை. அவர் படுக்கையில் சேரவில்லை. காப்பீட்டு அட்டை அவர் பெட்டியில் பத்திரமாக இருக்கும். சிறுநீரகம் கெட்ட பிறகுதான் வெளியே வரும். மக்கள் கையிலிருந்து செலவழிக்கும் பணத்தில் பெரும்பங்கு மருந்துக்குத்தான் போகிறது. வீடுதேடி இரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பதற்காக 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் அறிவியல் நியாயம் இதில் அடங்கியிருக்கிறது.

விராலிமலை, சூளகிரி, வேப்பூர் ஆகிய மூன்று வட்டாரங்களில் 2017 அளவில் ஒரு சோதனை நடந்தது. பெரிய கட்டடம் எதுவும் கட்டவில்லை. ஊருக்கு மிக அருகிலுள்ள துணை சுகாதார நிலையத்தில் ஒரு செவிலியரை அமர்த்தினார்கள். மருந்துகளையும் சில எளிய பரிசோதனைகளையும் கொடுத்தார்கள். அதுவரை பூட்டு தொங்கும் இடமாக மட்டுமே அதை அறிந்திருந்த மக்கள் வரத் தொடங்கினார்கள். தனியாரிடம் போவதும் குறைந்தது. பஸ் கட்டணம், அரைநாள் கூலி இரண்டும் மிச்சம் என்பதை எந்தப் பொருளாதார நிபுணரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டி இருக்கவில்லை.

நீங்கள் என்ன பார்க்கலாம்?

2007 முதல் இந்தியாவின் 9 மாநிலங்களில் ஊர்மக்களே சுகாதார நிலையத்தைக் கண்காணிக்கும் முயற்சி ஒன்று நடந்தது. தமிழ்நாட்டில் கன்னியாகுமரி உள்ளிட்ட சில மாவட்டங்களில் அதைச் செய்தார்கள். முறை மிகவும் எளிது. செவிலியர் வந்தாரா, மருந்து கிடைத்ததா, பிரசவத்துக்குப் பணம் கேட்டார்களா என்று வீடுவீடாகக் கேட்பது. பதிலுக்கேற்பப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறத்தில் ஓர் அட்டையில் குறிப்பது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அந்த அட்டையைப் பார்த்து எங்கே கோளாறு என்று சொல்லிவிடலாம். பிறகு டாக்டரையும் செவிலியரையும் அழைத்து உட்கார்ந்து பேசுவார்கள். சில சமயம் கோளாறு செவிலியரிடம் இராது. மூன்று ஊருக்கு ஒரே ஆளாக அவர் அலைந்துகொண்டிருப்பது அப்போதுதான் தெரியவரும். சண்டைக்கு வந்தவர்கள் அவருக்காக மனு எழுதிவிட்டுப் போவார்கள்.

உங்கள் ஊரிலும் இதைத் தொடங்கலாம். ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் கிராம சுகாதாரக் குழு ஒன்று உண்டு. தேசிய ஊரக சுகாதாரத் திட்டத்தின் கீழ் அதற்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை வழங்க வகை செய்யப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நோயாளர் நலச் சங்கம் உண்டு. இவற்றின் உறுப்பினர்கள் யார், கடைசிக் கூட்டம் எப்போது நடந்தது என்று கேளுங்கள். உறுப்பினருக்கே தாம் உறுப்பினர் என்பது தெரியாத இடங்களும் இருக்கலாம், வியப்படைய வேண்டாம். நேரில் பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன் எழுதிக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகளின் வழியாகச் சுகாதாரத்துக்கென்று 70,051 கோடி ரூபாயை நாடு முழுவதற்கும் பரிந்துரைத்தது. அதில் உங்கள் ஊர்ப் பங்கு எவ்வளவு, எதற்குச் செலவாயிற்று என்பதும் கேட்கத் தகுந்த கேள்வியே.

கேட்கும்போது எண்களோடு கேளுங்கள். "மருந்தே இல்லை" என்றால் "எல்லாம் இருக்கிறது" என்ற பதில்தான் வரும். இரத்தக் கொதிப்பு மாத்திரை இந்த ஆண்டில் எத்தனை நாள் இருப்பில் இல்லை, பதிவான நோயாளிகள் எத்தனை பேர், அவர்களில் மாதந்தோறும் மாத்திரை பெறுபவர் எத்தனை பேர் என்று கேட்டால், பதிவேட்டைத் திறந்துதான் பதில் சொல்லவேண்டும். ஆண்டுக்குப் பலமுறை கூடும் கிராம சபையில் இதைத் தீர்மானமாக எழுதச் சொல்லலாம். சட்டமன்றத்தில் மக்கள் நல்வாழ்வுத் துறையின் மானியக் கோரிக்கை ஆண்டுதோறும் விவாதத்துக்கு வருகிறது. அதற்குச் சில வாரங்கள் முன்பே அந்தத் தீர்மானத்தின் நகல் உங்கள் தொகுதி உறுப்பினர் கைக்குப் போய்ச் சேரட்டும். வரவுசெலவு முடிந்தபின் கொடுக்கும் மனு, அறுவடை முடிந்தபின் பெய்யும் மழை.

உப்பளப் பகுதியாக இருந்தால் இன்னும் இரண்டு கேள்விகள் சேர்த்துக்கொள்ளுங்கள். அளத்தில் நிழலும் குடிநீரும் பெண்களுக்குக் கழிப்பிடமும் இருக்கின்றனவா? தொழிலாளர்களின் இரத்தக் கொதிப்பும், இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப் பொருளின் அளவும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்கப்படுகின்றனவா? சிறுநீரகம் கெடத் தொடங்குவதைக் காட்டிக்கொடுப்பது அந்தக் கிரியாட்டினின்தான். பரிசோதனைக்கு வேண்டியது ஒரு சிறு குப்பி இரத்தம். உப்பு வாரும் வேலை விடியற்காலையிலேயே தொடங்கிவிடுவதால், காலை 9 மணிக்குத் திறக்கும் நிலையத்துக்கு அவர்கள் வரமுடியாது. முகாம் நடத்துவதானால் மாலையில், தட்டுமேட்டருகிலேயே நடத்தும்படி கேளுங்கள்.